பத்திரிகை கிழிக்காத தனகோட்டி அண்ணன்

கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனி வாசலில் லோடு ஆட்டோவை நிறுத்திக் கம்பி இறக்கிக்கொண்டிருந்தபோது வசந்தியின் போன் வந்தது. "அண்ணே, அப்பா போயிட்டாரு" என்றாள். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு, "கருமாதிப் பத்திரிகைய இப்ப யாருகிட்ட அடிக்கறது அண்ணே?" என்று கேட்டாள். புதுவாயலில் அதற்கு இருந்தது அவள் அப்பா தனகோட்டி அண்ணன் ஒருத்தர்தானே!

உங்களில் பாதிப்பேர் வீட்டுக்குத் தனகோட்டி அண்ணன் பத்திரிகை அடித்திருப்பார். மீதிப்பேர் வீட்டில் இன்னும் யாரும் சாகவில்லை என்று அர்த்தம். நான் ஐந்தாவது தாண்டாதவன். இதில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மனுவோ கடிதமோ, நான் எழுதினால் அவர்தான் திருத்துவார்; அவர் கண்ணில் படாமல் வெளியே போகும் என் முதல் தாள் இது.

கருமாதிப் பத்திரிகையைப் படித்ததும் கிழித்துப் போடுவோம், வீட்டுக்குள் வைக்கமாட்டோம். அண்ணனோ அடித்ததில் எல்லாம் ஒன்றை எடுத்து, ஊர்வாரியாகக் கட்டிப் பரண்மேல் அடுக்கிவைப்பார். அவர் அச்சகத்துக்கு எதிரில்தான் எங்கள் ஆட்டோ ஸ்டாண்டு. "இன்னா அண்ணாத்தே, எமன் ஆபீஸுல கிளார்க்கு வேல கெடச்சிதா?" என்று தினமும் சீண்டுவேன். ஒரு நாள் சிரிக்காமல் சொன்னார்: "கல்யாணப் பத்திரிகைல பந்தாவுக்குப் பேரு போடுவான் நைனா. இதுலதான் ஒறவுக்குப் போடுவான்."

அந்தப் பரண் எனக்கே வேண்டியதாகும் என்று அப்போது நினைக்கவில்லை.

என் அம்மா கன்னியம்மாள், என் அப்பாவோடு வீட்டுக்குத் தெரியாமல் வந்தவள். திரும்பிப் போனதே இல்லை. ஊர் இருந்த இடத்தில் இப்போது கம்பெனி காம்பவுண்டு. ஜனங்கள் எங்கெங்கோ சிதறிவிட்டார்கள். உடம்பு முடியாமல் படுத்ததும் அவளுக்கு ஒரே கவலை. "நான் செத்தா பொறந்த ஊட்டுக் கோடி யாருடா போடுவா?" செத்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து புடவை வரவேண்டும். வராவிட்டால் அநாதைப் பிணம் என்பார்கள். என் பெண்டாட்டி நூறு புடவை வாங்கித் தரலாம், அது கணக்கில் சேராது.

தாத்தா பெயர் முனுசாமி. இந்நேரம் அவர் போய்ச் சேர்ந்திருப்பார், பத்திரிகையும் பரணில் இருக்கும் என்று கணக்குப் போட்டேன். பரணில் கைவிட்டேன், முதலில் வந்த முனுசாமியைப் பிடித்தேன். அதிலிருந்த விலாசத்துக்கு அம்மாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். அம்மா அங்கிருந்த ஒரு பெரியவரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள், அவரும் அழுதார். பத்து நிமிஷம் கழித்துத்தான் அவர் வேறு முனுசாமியின் மகன் என்று தெரிந்தது. பாவம், காபி கொடுத்துத்தான் அனுப்பினார்.

தனகோட்டி அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பேரத் தேடாதடா. பேரச் சுத்தி நிக்கறவங்களத் தேடு. பேப்பர் எங்கயும் ஓடிடாது, உசுரோட இருக்கறவங்கள மொதல்ல கேளு" என்றார்.

மறுநாள் அவரே எங்கள் வீட்டுக்கு வந்தார். சொந்தக்காரர் பெயர்களைச் சொல் என்று நான் மாதக்கணக்கில் அம்மாவைக் குடைந்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"ஏம்மா, நீ ஊட்ட உட்டு வர்றதுக்கு முன்ன அங்க யாரு கல்யாணம் நடந்துது?"

"எங்க அக்கா கல்யாணம். மாப்பிள்ள ரயில்வேல கேட்டு மூடறவரு."

"பேரு?"

"ஏழுமலை."

அவ்வளவுதான். பரணில் பதினோரு முனுசாமிகள் இருந்தார்கள். ஒரே ஒரு முனுசாமிக்குத்தான் 'மருமகன் ஏழுமலை (ரயில்வே)'. அந்தத் தாளில் மகள்கள் என்ற இடத்தில் அண்ணனின் விரல் நின்றுவிட்டது. ராஜம்மாள், கன்னியம்மாள்.

வீட்டை விட்டுப்போன மகளின் பெயரும் அச்சில் இருந்தது. அம்மா அதைத் தடவித் தடவிப் பார்த்தாள். அப்பன் செத்த நாளையும், அப்பன் வீட்டில் தன் பெயர் இருந்ததையும் அவள் ஒரே தாளில்தான் தெரிந்துகொண்டாள்.

அடியில் பக்கத்து ஆரணி விலாசம் இருந்தது. சொல்லி அனுப்பியதும் அம்மாவின் கூடப்பிறந்தவர், என் மாமன் எத்திராஜ் வந்தார். அம்மாவின் மடியில் அவர் படுத்துக்கொள்ளாத குறைதான். அப்போது அவர் என்னிடம் சொன்னார்: "அப்பா பத்திரிகைக்கு நான் அவ பேரச் சொல்லலப்பா. அந்த பிரஸ்காரருதான் 'வேற யாராச்சும்?'னு கேட்டுக்கினே இருந்தாரு. ஒருத்தி பூட்டான்னேன். 'செத்துட்டாளா?'ன்னாரு. இல்லன்னேன். 'அப்ப பேரு போடு, இல்லன்னா நான் அடிக்கமாட்டேன்'னுட்டாரு."

ஓடிப்போய் அண்ணனிடம் சொன்னேன். "அட, நான் எல்லாரையுந்தான் கேக்கறேன். எனக்கு எங்கடா ஞாபகம்?" என்று மை துடைக்கப் போய்விட்டார். கண்ணைத் துடைக்கத்தான் போனார் என்பது என் கட்சி. போன வருஷம் அம்மா போனபோது, மாமன் கொண்டுவந்த அரக்குப் புடவை அவள்மேல் இருந்தது.

இப்போது அண்ணனின் பத்திரிகைக்குப் பெயர்களை வசந்தி சொல்ல, நான் எழுதினேன். முடித்ததும் என்னையறியாமல், "வேற யாராச்சும்?" என்றேன்.

கொஞ்சம் யோசித்து, "அப்பாவுக்குத் தம்பின்னு உங்க பேரப் போடட்டுமாண்ணே?" என்றாள்.

ஆசையாகத்தான் இருந்தது. வேண்டாம் என்றேன். "நாளைக்கு எவனாச்சும் இத நம்பி என் ஊட்டுக்கு வந்து, கழுத்தக் கட்டிக்கினு அழுவான். உங்கப்பாரு எந்திரிச்சு வந்து ஒதைப்பாரு."

அழுகைக்கு நடுவில் வசந்தி சிரித்தாள்.

கும்மிடிப்பூண்டியில் அடித்துவந்த அந்தப் பத்திரிகையை நான் கிழிக்கவில்லை. தாத்தா பத்திரிகையோடு சேர்த்து, ஆட்டோவில் ஆர்.சி. புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். பின்பக்கம் பென்சிலால் எழுதியிருக்கிறேன்: 'எனக்கு உறவு இல்லை. எங்கம்மா பெயரைக் கேட்டு வாங்கிப் போட்டவர்.'