இரண்டாவது டிஸ்கில் வைத்த சந்தனம்

1. நல்ல நாளில் வந்த போன்

விஜயதசமி அன்று காலை எங்கள் கம்ப்யூட்டர் சர்வீஸ் சென்டரைத் திறந்து விளக்கேற்றி முடிப்பதற்குள் போன் அடித்தது. பேசியவர் அண்ணாச்சி. அருப்புக்கோட்டையில் விசைத்தறிக் கூடம் வைத்திருப்பவர். அவருடைய சேலை டிசைன் கம்ப்யூட்டரில் நான் இரண்டாவது டிஸ்க் மாட்டிக் கொடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. போனை எடுத்தது சென்டர் நடத்தும் எங்கள் சார். பிறகு ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"மிஷினு எந்திரிக்கவே மாட்டேங்குதாம். நல்ல நாளும் அதுவுமா நாசமாக்கிட்டீகளேங்கிறாரு. டிசைனெல்லாம் போயிருந்துச்சுன்னா நாம சென்டரப் பூட்டிட்டுப் போகவேண்டியதுதாம்மா."

சைக்கிளை எடுத்தேன். சென்டரைப் பூட்டுவதைவிடப் பெரிய பயம் ஒன்று எனக்கு இருந்தது. அந்தக் கூடத்தில்தான் என் அப்பா தறி ஓட்டுகிறார். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அங்கேதான் வேலை. கம்ப்யூட்டரில் டிசைன் இல்லையென்றால் சேலையில் டிசைனை நெய்ய வைக்கும் ஜக்கார்டுக்குத் துளை அட்டை அடிக்க முடியாது. அட்டை இல்லையென்றால் தறி நிற்கும். தீபாவளி வருகிற நேரத்தில் நான் தொட்ட மிஷினால் தெரு முழுக்கத் தறி நின்றால், நான் எந்த முகத்தோடு அந்தத் தெருவில் நடப்பது?

2. ஏன் இரண்டு டிஸ்க்

நம் சென்டரில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்காக அந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். அண்ணாச்சியின் டிசைன் புரோகிராம் விண்டோஸுக்கு முந்தைய டாஸில் மட்டும் ஓடும். கோயம்புத்தூரிலிருந்து வந்து அதைப் போட்டுக் கொடுத்தவர் தொழிலை விட்டுப் போய்விட்டார். அவர் விட்டுப்போன பிளாப்பிகள் பூஞ்சை பிடித்துவிட்டன. மிஷினில் இருந்த ஒரே பழைய டிஸ்கும் போனால் புரோகிராமை மறுபடி போட வழியில்லை. ஆனால் மதுரைக் கடைக்காரர்கள் சேலைப் படங்களை சி.டி.யில் கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். அதற்கு விண்டோஸ் வேண்டும்.

ஒரே டிஸ்கில் இரண்டையும் போடலாம். நான் போடவில்லை. கழற்றி எடுக்கக்கூடிய ரேக் ஒன்றைப் பெட்டியின் முகப்பில் பொருத்தி, அதில் தனி டிஸ்க் வைத்தேன். ரேக்கின் சாவியைத் திருப்பி மிஷினைப் போட்டால் விண்டோஸ் வரும். சாவியை அணைத்துப் போட்டால் ரேக்குக்குக் கரண்ட் போகாது. உள்ளே இருக்கும் பழைய டிஸ்கிலிருந்து டாஸ் வரும். விண்டோஸ் ஏற்றுகிற நேரம் முழுக்கப் பழைய டிஸ்கின் கேபிளையும் பவரையும் கழற்றி வைத்திருந்தேன். ஃபார்மட் செய்யும்போது கை தவறினாலும், மாட்டாத டிஸ்க் அழியாது. இது என் வழக்கம்.

அண்ணாச்சி வந்து எட்டிப் பார்த்தார். "என்னத்தா, குடலை உருவிப் போட்ட மாதிரிப் போட்டுருக்க? திரும்ப மாட்டத் தெரியுமா?"

"கழட்டத் தெரிஞ்சவளுக்கு மாட்டத் தெரியும் அண்ணாச்சி."

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். முதலாளியின் ரூமில் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அந்தப் பதிலைச் சொன்னேன். அப்பா கதவு நிலைக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அத்தனை வருஷம் அங்கே வேலை பார்த்தும் அன்றுவரை அவர் அந்த ரூமுக்குள் போனதில்லை.

3. ரேக்கின் பின்பக்கம்

விஜயதசமி அன்று நான் போய்ச் சேர்ந்தபோதும் அப்பா அதே இடத்தில்தான் நின்றார். தலை குனிந்திருந்தது.

"ஓடிக்கிட்டிருந்த மிஷினு பொணமாட்டம் கெடக்கு. பதில் சொல்லுத்தா" என்றார் அண்ணாச்சி.

மிஷினைப் போட்டேன். மெமரியை எண்ணியது. டிஸ்கைத் தேடும் இடத்தில் அப்படியே நின்றுவிட்டது. ரேக்கின் சாவி திருப்பியபடியே இருந்தது.

"சாவிய அணைச்சுப் போட்டுப் பார்த்தீகளா?"

"கோளாறுன்னா எதையும் தொடாதீக தொடாதீகன்னு நீதான உசுர வாங்குன!"

மிஷினை அணைத்தேன். சாவியையும் அணைத்து, ரேக்கை உருவி மேஜைமேல் வைத்துவிட்டு மறுபடி போட்டேன். இந்த முறை நிற்கவில்லை. கறுப்புத் திரையில் டாஸ் வந்தது. புரோகிராமைத் திறந்தேன். மாங்காய் பார்டர், ருத்ராட்ச பார்டர், அந்த வருஷத்து முந்திகள் எல்லாம் வரிசையாக வந்தன. அண்ணாச்சி நாற்காலியில் சாய்ந்து துண்டால் முகத்தைத் துடைத்தார்.

பிறகுதான் ரேக்கைத் திருப்பிப் பார்த்தேன். பெட்டிக்குள் செருகும் பின்பக்கக் கனெக்டர் முழுக்க மஞ்சளாக ஏதோ காய்ந்து அடைத்திருந்தது. அதன் நடுவில் சிவப்பாக ஒரு புள்ளி. யார் விரல் என்று எனக்குத் தெரியும். வருஷா வருஷம் அந்தக் கூடத்தில் ஆயுத பூஜைக்குப் பொட்டு வைப்பது அப்பாதான்.

"என்ன கோளாறு?" என்றார் அண்ணாச்சி.

"கனெக்டர்ல அழுக்கு. தொடைச்சாச் சரியாயிரும்."

"அழுக்கா? பூட்டி வச்சிருக்க ரூமுல அழுக்கு எப்படி வரும்? ஒஞ் சாமான் மட்டமா, நீ மாட்டுனது மட்டமா?"

ரேக்கை என் பக்கமே திருப்பி வைத்துக்கொண்டேன். காரணம் சொன்னால் அப்பா பெயரைச் சொல்ல வேண்டும்.

"அது அழுக்கு இல்ல மொதலாளி." அப்பா நிலையைத் தாண்டி உள்ளே வந்திருந்தார். "சந்தனம். நாந்தான் வச்சேன். இந்த வருஷம் ரூமுலயும் பொட்டு வச்சிருன்னு நீங்கதான் சொன்னீக. இது எம்மக மாட்டுன சாமான். அதான் உருவி எலையில வச்சு, நாடாவுக்கு வைக்கிற மாதிரி ரெண்டு மொனையிலயும் வச்சேன்."

தறியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடி நூலை இழுத்துப் போவது நாடா. அதன் இரண்டு முனைக்கும் பொட்டு வைக்காமல் எங்கள் ஆட்கள் பூஜையை முடிப்பதில்லை. ரேக்கின் முன்பக்கக் கைப்பிடியும் பின்பக்கக் கனெக்டரும் அப்பாவின் கண்ணுக்கு இரண்டு முனைகள்.

அண்ணாச்சி ரேக்கை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "ஏப்பா மாரி, மூஞ்சியில வச்சது பத்தாதா? குண்டியிலயும் வைக்கணுமா?" என்றார். குரலில் காரம் இல்லை. "போ, போய்த் தறியப் போடு. நல்ல நேரம் போகுது."

ஸ்பிரிட்டில் பிரஷ்ஷை நனைத்து, ஒவ்வொரு பின்னாகச் சுத்தம் செய்து, காயவிட்டு ரேக்கைச் செருகினேன். சாவியைத் திருப்பிப் போட்டதும் விண்டோஸ் வந்தது. அதைப் பார்க்க அப்பா அங்கே இல்லை. கூடத்தில் தறிச் சத்தம் ஆரம்பித்திருந்தது.

4. மாட்டி முடித்த பிறகு

தொடாதே என்று சொல்லிவிட்டு வந்தால் நம் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன். மதிக்கிற பொருளை நம் ஜனங்கள் தொடாமல் இருக்க மாட்டார்கள். அதனால் தொடுவதற்கு ஓர் இடத்தை நாமே காட்டிவிட்டு வர வேண்டும். இப்போது நான் மாட்டும் ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் வட்டமாக ஒரு தாள் ஒட்டுகிறேன். பொட்டு அதில் வைக்கலாம், வேறெங்கும் கூடாது. வீரசோழன் ஊரில் ஒரு முஸ்லிம் பாய் நடத்தும் கடையில் பொட்டு கிடையாது, சாம்பிராணி உண்டு. சாம்பிராணித் தட்டை எந்தப் பக்கம் காட்டுவீர்கள் என்று கேட்டு, புகை உள்ளே போகாதபடி பெட்டியின் காற்றாடி இருக்கும் பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். ஜம்பரும் கேபிளும் எல்லாருக்கும் சீக்கிரம் பழகிவிடும். எங்கே தொடுவீர்கள் என்று கேட்கப் பழகுங்கள்.

இன்னொன்று. வாடிக்கையாளர் வீட்டில் எதையும் அழுக்கு என்று சொல்லிவிடாதீர்கள்.

அடுத்த ஆயுத பூஜைக்கு அண்ணாச்சி என்னையும் கூப்பிட்டிருந்தார். அப்பா சந்தனக் கிண்ணத்தோடு ரூம் வாசலில் வந்து நின்றார். முகப்பில் ஒட்டியிருந்த தாளை எட்டிப் பார்த்தார்.

"இங்கனதானத்தா?"

"ஆமாப்பா. உள்ள வாங்க."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். நான் நாற்காலியிலிருந்து எழுந்து அவருக்கு வழிவிட்டேன்.