மிதிக்காமல் விட்ட நாய்க்குடை

என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். மூன்றாம் வகுப்போடு நின்றவன், பிழைகளும் இருக்கும். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்ல வராததால்தான் எழுதுகிறேன்.

நாலு பேர் நடுவில் எனக்குப் பேச்சு வராது. ஆனாலும் ஐப்பசியில் இடி இடித்து மழை விட்டால் தெருவில் பாதிப் பேர் கூடையோடு என் வாசலுக்கு வருவார்கள். நெமிலிச்சேரிக்கு அப்பால் புதர்க்காட்டில் பிடுங்கிய காளானை நான் பார்த்துச் சொன்ன பிறகுதான் அடுப்பில் ஏற்றுவார்கள். அதற்குப் பேச்சு தேவையில்லை. நல்ல புற்றுக்காளானுக்குத் தண்டின் அடியில் வால் போல நீளமாக வேர் இறங்கியிருக்கும். விஷமுள்ள நாய்க்குடைக்கு அது இருக்காது. முற்றினால் குடைக்கு அடியில் பச்சை பாயும். நல்லதை வலப்பக்கம் வைப்பேன், நாய்க்குடையை இடப்பக்கம். கடைசியில் இடப்பக்கக் குவியலைக் காலால் மிதித்துக் கூழாக்கிவிட்டுத்தான் நகர்வேன். யாராவது ஆசைப்பட்டு எடுத்துவிடக் கூடாதே.

அந்த வருஷம் என் மனைவியின் தம்பிக்குக் கொரட்டூரில் பெண் பேசியிருந்தார்கள். பெண்ணின் அப்பாவுக்குக் காளான் என்றால் உயிர். ஒரு கூடை நிறையக் கொண்டு வருகிறேன் என்று இவன் வாக்குக் கொடுத்துவிட்டான். காட்டில் அலைந்து கொண்டுவந்த கூடையை என் வாசலில் கொட்டினான். முக்காலுக்கு மேல் நாய்க்குடை. பிரித்து முடித்தபோது, நல்லது கூடையின் அடியை மூடத்தான் போதுமாக இருந்தது.

"இன்னா மாமே, எல்லாத்தியும் கழிச்சிட்ட? இத்த எடுத்துகினு போனா அந்த ஊட்ல சிரிப்பாங்க."

"சிரிச்சா சிரிக்கட்டும்" என்றேன்.

மாடு தண்ணீருக்குக் கத்திக்கொண்டிருந்தது. மிதிக்கக் காலைத் தூக்கினேன். "நீ போய் மாட்ட பாரு, நான் மிதிச்சிடறேன்" என்றான். போய்விட்டேன்.

மறுநாள் கொரட்டூரிலிருந்து பெண்ணின் சித்தப்பா வந்தார். வீட்டில் அத்தனை பேருக்கும் வாந்தி, பேதி. பெண்ணின் அப்பா பிழைத்ததே பெரிது. "யாருய்யா பாத்துக் குடுத்தது?" என்று தெருவில் நின்று கத்தினார்.

மச்சான் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "மாமாதான். அவரு சொன்னா தப்பாதுன்னு நம்பி எடுத்துகினு போனேன்."

தெரு கூடிவிட்டது. "கண்ணு பூட்ச்சு போல. ஒரு மூக்குக் கண்ணாடி வாங்கிக் குடுங்கப்பா" என்றான் ஒருவன். சிரித்தார்கள். நான் வாய் திறந்தேன். கதவோரம் என் மனைவி நின்றிருந்தாள். உண்மையைச் சொன்னால் அவள் தம்பியின் சம்பந்தம் முறிந்துவிடும். தலையைக் குனிந்துகொண்டேன்.

சாயங்காலம் மச்சான் மாட்டுக் கொட்டகைக்கு வந்து என் கையைப் பிடித்தான். "மஞ்சள் போட்டு வேக வெச்சா வெசம் முறிஞ்சிடும்னு நெனச்சேன் மாமே. கண்ணாலம் முடியட்டும், நானே எல்லார் கைலயும் சொல்லிடறேன்."

கல்யாணம் முடிந்தது. அவனுக்கு மூன்று பிள்ளைகளும் ஆயிற்று. சொல்லவில்லை.

அடுத்த மழைக்கு என் வாசலுக்குக் கூடை வரவில்லை. அதைப் பொறுத்துக்கொண்டேன். அதற்கடுத்த வருஷம் கூடைகளெல்லாம் அவன் வாசலுக்குப் போயின. நல்லது வலப்பக்கம், கெட்டது இடப்பக்கம், கடைசியில் மிதி. நான் செய்தது போலவே செய்தான். அவனைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

நேற்று நல்ல இடி. இன்று காலை தனியாகப் போய்த் துண்டு நிறையப் புற்றுக்காளான் பிடுங்கி வந்தேன். ஒரு வேர்கூட முறியவில்லை. மனைவியிடம் கொடுத்தேன். முறத்தில் பரப்பினாள், கழுவவில்லை.

"கோச்சிக்காதய்யா. தம்பி கைல ஒரு தபா காட்டிட்டு வந்துடறேன்" என்று முறத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அவளிடமும் நான் இத்தனை வருஷம் சொன்னதில்லை. அவளுக்குப் படிக்கத் தெரியாது. மகள் படித்துச் சொல்லட்டும். அன்று மிதிக்காமல் போனது என் தப்பு. ஆனால் நாய்க்குடையை ஒரு நாளும் நல்லது என்று நான் சொன்னதில்லை.

பார்த்திப வருஷம், ஐப்பசி 12.