இருபத்தஞ்சாவது பை

ரத்த வங்கியில் குப்பை கொட்டியவர்களே, உங்களுக்கே தெரியும்: ஊசியைக் கண்டு ஓடுகிறவனைச் சமாளித்துவிடலாம், கொடுத்தே தீருவேன் என்று நிற்கிறவரிடம் மாட்டினால் தொலைந்தோம்.

கொட்டின பை

தொண்ணூறுகளின் கடைசியில் கோயமுத்தூரில் எங்கள் ரத்த வங்கிக்கு ஹெபடைடிஸ் சி டெஸ்ட் வந்தது. அதுவரை அந்தக் கிருமியை நாங்கள் தேடினதே இல்லை. முதல் வாரமே மாட்டினார் கிணத்துக்கடவு தேங்காய் வியாபாரி ஆறுச்சாமி அண்ணன். அன்றைக்கு அவர் கொடுத்தது இருபத்தஞ்சாவது தடவை. இருபத்தஞ்சு ஆனால் மேடையில் பொன்னாடை, ஷீல்டு எல்லாம் உண்டு.

தனியாகக் கூப்பிட்டு, "கல்லீரல்ல கிருமி இருக்குதுங்கண்ணா, அந்தப் பையைக் கொட்டியாச்சு, இனி குடுக்கக் கூடாது, டாக்டரைப் பாருங்க" என்றேன். மனுஷனுக்குக் கல்லீரலைப் பற்றிக் கவலையே இல்லை; கொட்டின பை கணக்கில் சேராது என்றதுதான் உறுத்தியது.

"கொட்டுனா என்னுங்க அம்மணி, குடுத்தது குடுத்ததுதானுங்களே?"

கீழாநெல்லி

மூணு மாசம் கழித்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டே வந்தார். தினமும் மோரில் கீழாநெல்லியாம். எண்ணெய் இல்லை, கறி இல்லை. இது கண்ணில் தெரிகிற காமாலை இல்லை, சத்தமில்லாமல் உள்ளே உட்கார்ந்திருக்கும் என்று தொண்டை வறளச் சொன்னேன். திரும்ப டெஸ்ட் பண்ணினோம். கிருமி அப்படியே இருந்தது. அண்ணன் இமையை விரித்துக் காட்டினார்.

"மச்சான் கல்யாணத்துல பிரியாணியத் தொடலீங்க, இன்னுமா போகல?"

மச்சான்

அடுத்து அந்தப் புதுமாப்பிள்ளை மச்சானையே இழுத்து வந்தார். மச்சான் கை, ஆறுச்சாமி பேர்! அட ராமா! குரூப் பார்த்தால் இவர் பி, அவன் ஓ. அண்ணன் அசரவில்லை.

"பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுத்த ஊடுங்க, ரத்தம் எப்படிங்க மாறும்?"

ஒரு கேள்வி

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அண்ணா, உங்க ரத்தத்தைப் பிரசவத்துக்கு வந்த பொண்ணுக்கு ஏத்துனா, அவளுக்கும் கல்லீரல் போகும். ஒரு ஷீல்டுக்காக இந்தக் கூத்தா?" என்று கத்திவிட்டேன். மச்சான் வெளியே நழுவினான். அண்ணன் மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டு, கட்டிலில் உட்கார்ந்தார். முகம் வெளுத்துவிட்டது. எனக்கே பாவமாகிவிட்டது. அப்புறம் மெதுவாகக் கேட்டார்.

"அப்ப முன்ன குடுத்த இருவத்திநாலும் யாருக்குங்க அம்மணி போச்சு?"

அதில் பாதிக்குமேல் நானே குத்தி எடுத்தது என்பதால், எங்கள் தொழிலில் எதற்கும் கைவசம் இருக்கிற ஒரே பதிலைச் சொன்னேன்: "ஜூஸ் குடிச்சுட்டு, அஞ்சு நிமிஷம் படுத்துட்டுப் போங்கண்ணா."