டயரில் தலைகீழான கோபுரம்

மல்லாட்டை என்கிற வேர்க்கடலைச் செடி மிதிபடக் கூடாதென்று, மாமனார் காலத்து டிராக்டரின் பின்சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தை இன்று கூட்டினார் என் வீட்டுக்காரர். கழற்றி, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, அதனதன் இடத்திலேயே மாட்டிவிட்டார்.

தறியை விட்டு எழுந்து போய் வண்டிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். டயர் மேல் சாய்வாகப் புடைத்திருக்கும் ரப்பர் பட்டன் எப்போதும் சேலை பார்டரில் நெய்யும் கோபுரம் மாதிரி கூர் மேலே இருக்கும்.

"கோபுரம் தலைகீழா நிக்குதுங்க."

"இது இன்னா பட்டுச்சேலையா? போய் நெய்யி."

வீட்டை ஒட்டிய ஈர நிலத்தில் இறங்கியதும் சக்கரம் பிடிப்பில்லாமல் நின்ற இடத்திலேயே சுற்றியது. மெக்கானிக் வந்தார்.

"பட்டன் பின்னால திரும்பிகினு இருக்குது. இடது சக்கரத்த வலதுலயும், வலத இடதுலயும் மாட்டணும். வீட்ல யாரும் பாக்கலியா?"

இவர் என்னைப் பார்த்தார். நான் மெக்கானிக்குக்குக் காபி போடப் போனேன்.

உங்கள் வீட்டு டிராக்டரைப் பின்பக்கமாகப் படம் எடுத்துப் போடுங்கள். பார்டர் சரியா என்று சொல்கிறேன்.