செருப்புக்குக் காவல்

இது ஆபேலுக்கு நடந்தது. பொய் சொல்லக் கொஞ்சமாவது கற்பனை வேண்டும். ஆபேலுக்கு அது கிடையாது. அதனால் நடந்தது நடந்ததுதான்.

திருத்தணி மலைப்படி அடிவாரத்தில், ஒரு பழைய லாட்ஜின் வாசலில் அவன் செருப்பு ஸ்டாண்டு வைத்திருக்கிறான். அதற்கு முன்னால் கம்பெனியில் நைட் ஷிப்டு. உடம்பு ஒத்துக்கொள்ளாமல் நின்றுவிட்டான். பக்கத்துத் தேங்காய்க் கடை தணிகைமணிக்கு அவனைச் சீண்டாமல் பொழுது போகாது.

"ஞாயித்துக்கிழம சர்ச்சு, மத்த நாளெல்லாம் முருகன் வாசலா ஆபேலு?"

"சர்ச்சுல செருப்பு காணாமப் போறதில்லண்ணா. போனா அங்கியும் ஒரு ஸ்டாண்டு போட்டுருவேன்."

அன்று கிருத்திகை. மதியம் அடித்த மழையில் கூட்டம் சீக்கிரமே கலைந்துவிட்டது. மனைவி பெர்சிஸுக்குக் காய்ச்சல் என்பதால், ஆறு வயது மகள் ப்ளெஸ்ஸியைக் கடைக்குக் கூட்டி வந்திருந்தான். இருட்டுகிற நேரத்தில் டீ குடிக்கக் கிளம்பினான். அவளை முக்காலியில் உட்கார வைத்தான்.

"செருப்பப் பாத்துக்கினு இரு. நைனா வர்ற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது."

"ஆங்."

பாதி டீயில் கரண்டு போனது. தெருவே இருண்டது. கிளாஸை வைத்துவிட்டு ஓடி வந்தான்.

முக்காலியில் குழந்தை உட்கார்ந்திருந்தது. முகம் தெரியவில்லை. உருவம் தெரிந்தது. அப்பாடா என்று இருந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

சொட்... சொட்...

மழை நின்று இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

படியில் ஒரு பெண் இறங்கி வந்துகொண்டிருந்தாள். அந்த இருட்டிலும் அவள் மட்டும் தெரிந்தாள். புதிதாக மழித்த மொட்டைத் தலை. சந்தன வாசம். ஈரப் புடவை. டோக்கனை நீட்டுவாள் என்று ஆபேல் கை நீட்டினான். அவள் அவனைப் பார்க்கவே இல்லை. குழந்தையைப் பார்த்தாள்.

குழந்தை பேசியது.

"ஆகலேஸ்தோந்தி அம்மா."

பசிக்கிறதாம். தெலுங்கில்.

ப்ளெஸ்ஸிக்குத் தெலுங்கு தெரியாது.

அந்தப் பெண் கையை நீட்டினாள். குழந்தை எழுந்தது. ஆபேல் பாய்ந்து அதன் கையைப் பிடித்தான். ஐஸ் மாதிரி இருந்தது.

"ப்ளெஸ்ஸி, உக்காரு."

குழந்தை திரும்பவில்லை. இழுத்தது. ஆறு வயதுப் பிள்ளையின் இழுப்பு இல்லை அது. அவன் கால் தரையில் வழுக்கியது.

"நா பிட்ட," என்றாள் அந்தப் பெண். என் பிள்ளை என்று.

"உன் புள்ள இல்ல. என் பொண்ணு."

அவள் முதல்முறையாக அவனைப் பார்த்தாள். கோபம் இல்லை அந்தப் பார்வையில். கெஞ்சல்.

அவன் விடவில்லை.

இரண்டு கையாலும் பிடித்தான்.

கண்ணை மூடிக்கொண்டான்.

சொட்... சொட்... சத்தம் படியேறிப் போனது.

கரண்டு வந்தது.

முக்காலி காலி.

அவன் இரண்டு கைக்கு நடுவில் ஒன்றுமே இல்லை.

அலறினான். தணிகைமணி கடையிலிருந்து ஓடி வந்தார். அவர் இடுப்பில் ப்ளெஸ்ஸி.

"ஏன்யா கத்தற? கரண்டு போன ஒடனே பயந்துகினு எங்கிட்ட ஓடியாந்துட்டா. இவ்ளோ நேரம் என் மடியிலதான் உக்காந்துகினு இருந்தா."

ஆபேல் மகளின் கையைத் தொட்டுப் பார்த்தான். சூடாக இருந்தது.

மறுநாள் தணிகைமணியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவர் அன்று சீண்டவில்லை.

"இங்க ஸ்டாண்டு எப்படி வந்துச்சு தெரியுமா? எங்க தாத்தா காலத்துல இந்த லாட்ஜு சத்திரமா இருந்துச்சு. செருப்பு விட எடம் கெடையாது. வர்ற குடும்பம் ஒரு புள்ளய செருப்புக்குக் காவலா வாசல்ல உக்கார வச்சிட்டு மேல போவும். நெல்லூர்ப் பக்கத்துப் பொம்பள ஒருத்தி, அப்படித்தான் ஒரு கிருத்திகையில பொண்ண உக்கார வச்சிட்டு மொட்ட போடப் போனா. எறங்கி வந்து பாத்தா செருப்பெல்லாம் வரிசையா அப்படியே இருக்குது. பொண்ணு இல்ல. அதுக்கப்புறந்தான் சத்திரத்துக்காரர், இனிமே எந்தப் புள்ளையும் இங்க உக்காரக் கூடாதுன்னு, ஆள் வச்சி செருப்பப் பாத்துக்க ஆரம்பிச்சாரு."

"அந்தப் பொம்பள?"

"ஒவ்வொரு கிருத்திகைக்கும் வந்து தேடுவாளாம். செத்த பொறவும் வர்றான்னு எங்கப்பா சொல்லுவாரு. பொண்ணு கெடச்சிட்டா, அப்புறம் வரமாட்டாளாம்."

முந்தின நாள் இருட்டில் அவளுக்குப் பிள்ளை கிடைத்திருந்தது. கையை நீட்டினாள், குழந்தையும் எழுந்தது.

விடாமல் பிடித்துக்கொண்டவன் ஆபேல்.