போலீஸ் பொய் சொல்லவில்லை

அந்தக் காணொளியை அழித்தவள் நான்தான்.

போலீஸ்தான் அதை நீக்கச் சொன்னதா என்று நீங்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தீர்களே... பதாகை பிடித்தீர்களே, மனுவில் கையெழுத்துப் போட்டீர்களே... அதற்கான பதில் உங்கள் நடுவிலேயே உட்கார்ந்திருந்தது. உங்களுக்குத் தேநீர்கூட ஊற்றிக் கொடுத்தது.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திகாம் பத்து ஊர்ப் பக்கம் ஒரு தாமான் குடியிருப்பில் எனக்கு வீடு. ஓர் இடைநிலைப் பள்ளி அலுவலகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் குமாஸ்தா வேலை. கணவர் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. ஒரே மகள், ஸ்டெல்லா. பட்டம் முடித்துவிட்டு, ஆசிரியர் வேலைக்கு எழுதிப்போட்டுக் காத்திருக்கிறாள்.

பக்கத்துத் தோட்டத்தில் தொழிலாளர்களின் லயத்து வீடுகளை இடிக்க இயந்திரம் வந்த அன்று, ஸ்டெல்லா அங்கே நின்று எல்லாவற்றையும் நேரலையாகக் காட்டினாள். தோட்ட மக்களுக்காக அவளே தொடங்கிய முகநூல் பக்கத்தில் அது ஓடியது. இயந்திரத்துக்கு முன்னால், லயத்தில் குடியிருந்த பார்வதியக்கா தரையில் உட்கார்ந்திருந்தார். உரம் போட்டுப் போட்டுத் தடித்துப்போன இரண்டு கைகளையும் மடியில் வைத்திருந்தார். போலீஸ்காரர்கள் நான்கு பேர் வந்து தூக்கினார்கள். அவர் கையை ஓங்கவில்லை. காலை உதைக்கவில்லை. “என் சட்டி பானையாச்சும் எடுத்துக்கிறேன் சார்” என்று மட்டும் சொன்னார். அத்தனையும் அந்தக் காணொளியில் இருந்தது.

மறுநாள், போலீஸ்காரரைத் தாக்கினார் என்று அவர்மேல் வழக்குப் போட்டார்கள். அவர் தாக்கவில்லை என்பதற்கு அந்தக் காணொளி ஒன்றுதான் சாட்சி. அப்போதே அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன்!

மூன்றாம் நாள் ஒரு போலீஸ்காரர் என் பள்ளி அலுவலகத்துக்கு வந்தார். சீருடை இல்லை. மகளின் பள்ளி மாற்றப் படிவம் வேண்டும் என்றார். தமிழர், நல்ல மரியாதையான பேச்சு. படிவத்தை நிரப்பிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

“அக்கா, ஸ்டெல்லா உங்க மகதானே?”

என் கையிலிருந்த முத்திரைக்கட்டை அப்படியே நின்றுவிட்டது.

“நான் ஆபீசரா வரலக்கா. தம்பியா வந்திருக்கேன். படிச்ச பிள்ள, டீச்சர் வேலைக்குப் போட்டிருக்கு. நாளைக்கு ரெக்கார்டுல பேரு வந்துச்சுன்னா... நமக்குத் தேவையாக்கா?”

“என்ன செய்யணும் சார்?”

“சார்லாம் வேணாம்லா. அந்தப் பேஜ் உங்க நம்பர்லதானே இருக்கு? அந்த வீடியோவ நீங்களே எடுத்துட்டா போலீஸ் லெட்டரும் வராது, யாருக்கும் தலைவலியும் இல்ல. அழிச்சதுக்கப்புறம் டிராஷ்லயும் ஒரு தடவ பாத்துடுங்கக்கா. அங்க முப்பது நாளைக்கு இருக்கும்.”

படிவத்தை வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார். மிரட்டினாரா? இல்லை. ஒரு சொல்கூட மிரட்டல் இல்லை. அதனால்தான் பயந்தேன்...

அந்தப் பக்கம் என் எண்ணில் இருப்பது அவருக்கு எப்படித் தெரிந்தது? ஸ்டெல்லா அதைத் தொடங்கியபோது அவள் கைபேசி பழுதாகிக் கிடந்தது. என் எண்ணைக் கொடுத்து, என் கைபேசியில்தான் தொடங்கினாள். அது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்த விஷயம். அப்படியென்றால் வேறு என்னவெல்லாம் அவர்களுக்குத் தெரியும்? அன்று முழுவதும் இதையே நினைத்தேன். அவள் எத்தனை மணிக்கு வெளியே போகிறாள், எந்த வழியாகத் திரும்புகிறாள் என்பதெல்லாம் தெரிந்திருக்குமோ? லாக்கப் என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் வீடுகளில் பேச்சு நின்றுவிடும். அப்படித்தான் வளர்ந்தோம். என் பெண்ணை அந்தச் சொல்லுக்குள் வைத்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

ஞாயிறு காலை, தலைவலி என்று பொய் சொல்லிப் பூசைக்குப் போகாமல் இருந்துவிட்டேன். ஸ்டெல்லா பாடகர் குழுவில் இருப்பவள். அவள் மட்டும் போனாள். அவள் அங்கே பாடிக்கொண்டிருந்த நேரத்தில் நான் அழித்தேன். பிறகு அவர் சொன்னபடியே குப்பைப் பகுதியிலும் தேடி அழித்தேன். “நிரந்தரமாக நீக்கவா?” என்று கைபேசி கேட்டது. கேட்டதே... அது ஒன்றாவது என்னைக் கேட்டதே!

நேரலை என்பதால் வேறு நகல் இல்லை. யாரோ எடுத்துவைத்திருந்த ஒரு சிறு துண்டு மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அதில் பார்வதியக்கா எழுந்து நின்று கத்துகிறார். அதற்கு முன்னும் பின்னும் நடந்தது எதுவும் இல்லை. இப்போது அதுதான் சாட்சி!

வீடியோவை நீக்கச் சொன்னது போலீஸ்தான் என்று ஊர் கொதித்தது. தோட்டத்து மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். போலீஸ் வெளிப்படையாகப் பதில் சொல்ல வேண்டும், கடிதம் எழுதிக் கேட்போம் என்று முடிவானது. கடிதம் என்றால் யார்? நான்தான். மலாயில் மனுவா, மருத்துவமனைக்கு விண்ணப்பமா, இந்த வட்டாரத்தில் எல்லாரும் என்னிடம்தான் வருவார்கள். ஸ்டெல்லா என்னைவிட நன்றாக மலாய் எழுதுவாள். ஆனால் ஆபீஸ் கடிதத்துக்கு ஒரு நடை இருக்கிறது, அது அம்மாவுக்குத்தான் வரும் என்பாள்.

என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து அவள் சொன்னாள். “எழுதிக்குங்கம்மா. போலீஸ்ல யாராச்சும், லெட்டர்லயோ போன்லயோ நேர்லயோ, பேஸ்புக் கம்பெனிக்காரன்கிட்டயோ வேற யார்கிட்டயோ, அந்த வீடியோவ அழிக்கச் சொன்னாங்களா? இதான் கேள்வி.”

வேற யார்கிட்டயோ...

இப்போது சொல்வதுதான் என் இரண்டாவது பாவம். முதல் பாவத்தையாவது பயத்தில் செய்தேன். இதை நிதானமாகச் செய்தேன். நான் எழுதியது இவ்வளவுதான்: இந்தக் காணொளியை நீக்கும்படி உங்கள் நிலையம் முகநூல் நிறுவனத்துக்கு எழுத்து மூலம் கோரிக்கை அனுப்பியதா?

ஸ்டெல்லா படித்துப் பார்த்தாள். “இவ்ளோதானாம்மா?”

“கவர்ன்மெண்டுல சுத்தி வளச்சுக் கேட்டா பதிலே வராதும்மா. ஒரு கேள்வி, ஒரு பதில்.”

“சரிலா. ஆபீஸ்காரம்மா சொன்னா அப்பீல் ஏது!” சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்.

கேள்வியைக் குறுக்கினால் பதிலும் குறுகும். அந்த வித்தையை இருபத்திரண்டு ஆண்டுகளாக அரசாங்க மேசையில் கற்றவள் நான். அதை என் மகளிடமே காட்டினேன்.

சில வாரங்கள் கழித்துப் பதில் வந்தது. எழுத்து மூலம் எந்தக் கோரிக்கையும் அனுப்பப்படவில்லை. கணக்கின் உரிமையாளரே நீக்கியிருக்கக்கூடும். இரண்டே வரிகள்.

யோசித்துப் பாருங்கள்... அதில் ஒரு சொல்லாவது பொய்யா? இல்லையே! அவர்கள் உண்மையைத்தான் எழுதினார்கள். அது உண்மையாக இருப்பதற்கு வேண்டிய ஏற்பாட்டைச் செய்தவள் நான்.

கணக்கின் உரிமையாளர் என்றால் ஊருக்கு ஸ்டெல்லாதான். தோட்டத்துக் கடையில் ஒருவன் எல்லார் முன்னாலும் அவளைக் கேட்டிருக்கிறான். “என்னா டீச்சரு, வேலைக்கு லெட்டர் வந்துருச்சா? அதான் வீடியோ பறந்துருச்சா?” சிலர் சிரித்திருக்கிறார்கள். பார்வதியக்காதான் அவனை அதட்டியிருக்கிறார். “வாய மூடுறா. போலீஸ் வண்டியில என்னை ஏத்துனப்ப நீ எங்கடா இருந்த? வண்டி பின்னாலயே போலீஸ் பாலாய் வரைக்கும் மோட்டார்ல வந்துச்சுடா இந்தப் புள்ள!”

அன்று மாலை பார்வதியக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு பை மரவள்ளிக்கிழங்கு கொண்டுவந்திருந்தார். கடிதம் எழுதிக் கொடுத்ததற்காம். “பதிலு எப்படி வந்தா என்னாம்மா, நமக்காக எழுதிக் கேக்க நீங்க இருக்கீங்கள்ல.” என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அந்தக் கையை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

ஈஸ்டருக்கு முன் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். கோபப்பட்டேன் என்றேன். பூசைக்குப் போகவில்லை என்றேன். ஏன் போகவில்லை என்று சொல்லவில்லை. சொன்னால் சாமியார் அடுத்ததாக என்ன கேட்பார் என்று தெரியும்: மகளிடம் சொல்லிவிட்டாயா? பாவமன்னிப்பு வாங்கிக்கொண்டு வந்தேன். சொல்லாத பாவத்துக்கு ஏது மன்னிப்பு?

முதலில் போலீசுக்குப் பயந்தேன். இப்போது என் மகளுக்குப் பயப்படுகிறேன். அவளுக்காகத்தான் செய்தேன் என்று எத்தனை நாள் சொல்லிக்கொள்வது? முதல் நாளே அவளிடம், “அம்மா பயந்துட்டேன்டி” என்று சொல்லியிருந்தால் திட்டியிருப்பாள், அழுதிருப்பாள். கடையில் அவமானப்பட்டிருக்க மாட்டாள். அந்த மனிதர் அலுவலகத்துக்கு வந்ததைச் சொல்ல இந்த ஊரில் நான் ஒருத்திதான் இருக்கிறேன். நான் வாயைத் திறக்காத ஒவ்வொரு நாளும் அவர் வரவேயில்லை என்று ஆகிக்கொண்டிருக்கிறது.

அடுத்த மாதம் பார்வதியக்காவின் வழக்கு விசாரணைக்கு வருகிறது. அதற்குள் இரண்டாவது கடிதம் போக வேண்டும் என்று நேற்று ஸ்டெல்லா வெள்ளைத்தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

“இந்தத் தடவ நான் சொன்னத அப்படியே எழுதுங்கம்மா. ஒரு வார்த்தையும் விடாம.”

சொல்லிவிட்டு என்னையே பார்த்தாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தாளோ... அல்லது எனக்குத்தான் அப்படித் தோன்றியதோ? தெரியவில்லை. கேட்கவும் பயம்.

அந்தத் தாளில் ‘துவான்’, அதாவது ஐயா, என்று விளித்ததோடு நிற்கிறது. அதன் மேலேயே வேறொரு தாளை வைத்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இப்போதுதான் சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். “எழுதியாச்சாம்மா?”

“எழுதிக்கிட்டே இருக்கேம்மா” என்றேன்.

காலடிச் சத்தம் கேட்கிறது. தாளைக் கையால் மூடிக்கொள்கிறேன்.