அவரை ஆகாத வீடு

அப்பா. நான். என் மனைவி. என் தங்கை. கோயில் பூசாரி. எண்பது தாண்டிய அந்த ஊர்ப் பெரியவர். பரிமாறிய அவருடைய மருமகள். அன்று அந்த வீட்டில் இருந்தது இவ்வளவு பேர்தான்.

இலை போட்டார்கள். சோறு விழுவதற்கு முன்பே பொரியல் விழுந்தது. அவரைக்காய்ப் பொரியல்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஊர்க் கோயிலும் எங்கள் குலசாமி கோயில் இல்லை என்று எனக்குத் தோன்றிவிட்டது. மனைவி என் முழங்காலைத் தொட்டாள்.

எங்கள் வீட்டில் அவரை ஆகாது. கொடி வைக்க மாட்டோம், காய் வாங்க மாட்டோம். கல்யாணச் சாப்பாட்டில் போட்டால் எடுத்து ஓரம் வைப்போம். சின்ன வயதில் அப்பாருவிடம், அதாவது அப்பாவின் அப்பாவிடம், ஏன் என்று கேட்டிருக்கிறேன்.

"சாமி குத்தம்."

"எந்த சாமிங்க?"

"நம்ம சாமி."

"அது எங்க இருக்குது?"

"ஆத்தோரம். குதிர மேக்கால பாத்து நிக்கும். சோத்தத் தின்னு."

அதற்கு மேல் அவருக்கே தெரியாது. அவர் கைக்குழந்தையாக இருக்கும்போது அவருடைய அப்பா செத்துப்போனார். அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நாமகிரிப்பேட்டைப் பக்கம் பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டது. வந்தது வந்ததுதான். அந்தம்மா இவ்வளவைத் தவிரப் பழைய ஊரைப் பற்றி வாய் திறந்ததே இல்லையாம். அப்பாரு மாமன்மார் வீட்டில் வளர்ந்தார். அங்கேயே காடு வாங்கினார். நாங்களும் அங்கேயே பிறந்தோம்.

ஊரில் ஒரு குறையும் இல்லை. மாசியில் சாமி கும்பிடும்போது மட்டும் தெரியும். கோயில் முன்னால் வீட்டுக்கு ஒரு பானை என்று வரிசையாகப் பொங்கல் வைப்பார்கள். அது பங்காளிகளின் வரிசை. நாங்கள் அந்த வீட்டுப் பெண்ணின் வழி. எங்களுக்குப் பானை கிடையாது. யாரும் வைக்காதே என்று சொன்னதில்லை. வை என்றும் சொன்னதில்லை.

அப்பா அன்று விடிந்ததும் கோடாலியோடு போவார். எல்லா அடுப்புக்கும் விறகு பிளந்து போடுவார். நானும் தங்கையும் தூக்குப்போசியோடு வேப்பமரத்தடியில் நிற்போம்.

"உங்க பானை எங்கடா? பூனை தூக்கிட்டுப் போயிருச்சா?" என்பான் மாமன் மகன் ஒருவன்.

"பேசாத வாங்கிட்டு வாங்க" என்று அம்மா முன்பே சொல்லி அனுப்பியிருக்கும். வாங்கி வந்து தின்போம். நல்ல பொங்கல்தான்.

அப்பா வாழ்நாளில் எதையும் கேட்டவர் இல்லை. அம்மா இறந்த வருஷம் ஒரு நாள் அப்பா கட்டிலில் உட்கார்ந்தபடி சொன்னார். "நம்ம சாமி முன்னால ஒரு பானை வெக்கோணும். அது ஒண்ணுதான்." பிறகு எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

நான் ஆறாவதோடு நின்றவன். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி ஓட்டினேன். ராஜஸ்தான் வரை போய் போர் போட்டிருக்கிறோம். மாசி வந்தால் கூட இருப்பவர்கள் அவரவர் குலசாமிக்கு லீவு போட்டுப் போவார்கள். வண்டியை நான் பார்த்துக்கொள்வேன்.

எங்கள் கூட்டம் எது என்று தெரியும். ஒரே வழியில் வந்த பங்காளிகளைத்தான் கூட்டம் என்கிறோம். பெண் கொடுக்க, எடுக்க அது தெரிந்தாக வேண்டும் என்பதால் அது மட்டும் மறக்கவில்லை. ஆனால் எங்கள் கூட்டத்துக்குக் கோயில் பல ஊரில் இருக்கிறது. எங்கள் அப்பாருவின் ஊர் எது என்பதுதான் தெரியவில்லை.

உள்ளூர் வேலைக்கு மாறிய பிறகு, ஆற்றுப் பக்கம் போர் போடப் போகும் இடத்திலெல்லாம் கேட்டேன். இந்தப் பக்கம் அவரை சாப்பிடாத வீடு ஏதாவது உண்டா என்று.

"ஏனுங்க, தண்ணி பாக்க வந்தீங்களா, காய் பாக்க வந்தீங்களா?" என்று ஒரு தோட்டக்காரர் சிரித்தார். அவருடைய மனைவி முறத்தில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தது.

மோகனூரைத் தாண்டி ஒரு கரும்புக் காட்டுக்குப் போனபோது குதிரையைப் பார்த்தேன். ஆளை விடப் பெரிய மண் குதிரை. நேரம் சாயங்காலம். வெயில் அதன் முகத்தில் அடித்தது. அப்படியென்றால் மேற்கே பார்த்து நிற்கிறது. வண்டியை ஓரம் கட்டி இறங்கினேன். பூசாரியிடம் கேட்டேன். எங்கள் கூட்டத்துக் கோயில்தான்.

"கூட்டம் ஒண்ணா இருந்தாப் பத்தாதுங்க. எந்த ஊட்டு வழின்னு தெரியோணும். ஞாயித்துக்கெழம உங்கப்பாவக் கூட்டிட்டு வாங்க. எங்க பெரியவருகிட்டப் பேசலாம்" என்றார்.

அப்படித்தான் அந்த இலைக்கு முன்னால் உட்கார்ந்தோம்.

அப்பா பொரியலைக் கையால் ஒதுக்கினார்.

"ஏனுங்க, காய் புடிக்கலீங்களா?" என்றது மருமகள்.

"எங்க ஊட்ல அவர ஆவாதுங்க."

பூசாரி என்னைப் பார்த்தார். "நம்ம கூட்டத்துல அப்பிடி ஒண்ணும் இல்லீங்களே. பந்தி பந்தியாத் திங்கிறமே."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பெரியவர் மட்டும் சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டார்.

"எத்தன நாளா ஆவாது?"

"எங்கப்பன் காலத்துலிருந்துங்க."

"உங்கப்பனப் பெத்தவர் எப்பிடிப் போனாரு?"

"தெரியாதுங்க. எங்கப்பன் அப்பக் கைக்கொழந்தைங்க."

பெரியவர் மருமகளைப் பார்த்துச் சொன்னார். "கெணத்து மேட்டுக் காடு இருக்குதல்ல, அங்க அவரப் பந்தல் இருந்துச்சாம். காய் பறிக்கப் போன மனுசனப் பாம்பு கடிச்சுப்போட்டுது. தூக்கறதுக்குள்ள முடிஞ்சு போச்சு. எங்கப்பாரு சொல்லிக் கேட்டிருக்கறன். அந்தம்மா காரியம் முடிஞ்ச அன்னிக்குப் பந்தல அறுத்துத் தள்ளிட்டு, கொழந்தையத் தூக்கிட்டுப் போயிருச்சு. கூப்புட ஆள் போனாங்க. வல்லீன்னுருச்சாம்."

"எந்த ஊருக்குப் போச்சுங்க?" என்று கேட்டேன்.

அவர் சொன்னது எங்கள் ஊர்.

தங்கை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டது.

"அப்பறமென்ன, பங்காளிக" என்றார் பூசாரி. "நான் வேற பயமுறுத்திப்போட்டன்."

"அவர திங்காத பங்காளி இந்தக் கூட்டத்துலயே நீங்க ஒரு ஊடுதான்" என்றார் பெரியவர். "சாப்புடு சாமி. மாசிக்குப் பானையோட வா."

மருமகள் வேறு இலை கொண்டுவந்தது. அப்பா வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, அதே இலையில் சாப்பிட்டு முடித்தார். பொரியல் ஓரத்தில் அப்படியே இருந்தது.

பஸ்ஸில் தங்கைதான் கேட்டது. "சாமி குத்தமே இல்லீங்களே. இனி நாம திங்கலாங்களா?"

"எங்காத்தா திங்காதது" என்றார் அப்பா. "நமக்கெதுக்கு?"

சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நாமக்கல் வரும் வரைக்கும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். இத்தனை நாள் எங்கள் வீட்டில் கட்டிக் காத்தது சாமியின் கோபம் இல்லை. ஒரு பொம்பளையின் துக்கம். அதை நாங்கள் தெரியாமலேயே காத்து வந்திருக்கிறோம்.

மாசியில் போனோம். புதுப்பானை, அரிசி, வெல்லம். போய் இறங்கியதும் அப்பாவைக் காணவில்லை. கோயிலுக்குப் பின்னால் யாருடைய கோடாலியையோ வாங்கி யாருடைய விறகையோ பிளந்துகொண்டிருந்தார்.

பெரியவர் தடியை ஊன்றி வந்து நின்றார். "ஏப்பா, உன்ற அடுப்புக்குப் பொளந்துட்டியா?"

"இனிமேத்தாங்க."

"மொதல்ல அதப் பாரு. இவனுகளுக்குக் கை இல்லையா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து எங்கள் மூன்று கல்லுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

அங்கே நெருப்பு வைப்பதற்கு முன் பானையை எண்ணுவது வழக்கம். பூசாரி வரிசையில் ஒவ்வொரு பானைக்கும் விபூதி வைத்து, வாய்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். புதிதாக வந்த வீடு என்பதால் எங்கள் பானை கடைசி. அப்பா எழுந்து நின்றார். துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்.

பூசாரி குனிந்து எங்கள் பானைக்கு விபூதி வைத்தார்.

எழுபத்து நான்கு.